புள்ளலூர் 1780: ஒரு சண்டையை மேசையில் அடுக்கிப் பார்த்தல்

பதினெட்டாம் நூற்றாண்டுச் சண்டை ஒன்றைப் பாடப்புத்தகத்தில் வாசித்தால் இரண்டு வரியில் முடிந்துவிடும்: இன்னார் வென்றார், இன்னார் தோற்றார். அதையே ஒரு மேசையில் அடுக்கத் தொடங்கினால் அந்த இரண்டு வரிக்குள்ளே இருந்து கேள்விகள் வரத் தொடங்கும். ஆறு எந்தப் பக்கம்? மழை பெய்ததா? உதவிக்கு வரவேண்டியவர் எவ்வளவு தூரத்தில் இருந்தார்?

சின்னப் பொம்மைப் படைகளை வைத்துச் சண்டையை ஆடிப்பார்ப்பது புதுசில்லை. 1824இல் பிரஷ்ய இராணுவம் தன் அதிகாரிகளைப் பழக்க இப்படியொரு விளையாட்டை எடுத்துக்கொண்டது. 1913இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் வீட்டுத் தரையில் விளையாடுவதற்கென்று விதிகள் எழுதிப் புத்தகமாக்கினார். இந்த விளையாட்டில் ஐரோப்பியச் சண்டைகள்தான் பெரும்பாலும் வரும். நாங்கள் புள்ளலூரைத் தெரிவுசெய்தோம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், 1780 செப்டெம்பர் 10 அன்று, ஹைதர் அலியும் திப்புவும் கிழக்கிந்தியக் கொம்பனியின் ஒரு படையை அழித்த இடம் அது.

கதை இதுதான். குண்டூர்ப் பக்கமிருந்து கேணல் பெய்லி தெற்கே வருகிறார். காஞ்சிபுரத்தில் ஐயாயிரம் பேருடன் ஹெக்டர் மன்றோ இருக்கிறார். இருவரும் சேர்ந்துவிட்டால் ஹைதருக்குச் சிக்கல். ஓகஸ்ட் 25இல் பெய்லி கொசஸ்தலை ஆற்றின் வடகரைக்கு வந்து, கடக்காமல் அங்கேயே முகாம் போட்டார். அன்றிரவு ஆறு பெருகிவிட்டது. ஒரு கிழமைக்கு மேல் அந்தப் பக்கமே நிற்க வேண்டியதாயிற்று. பிறகு மன்றோ அனுப்பிய சுமார் ஆயிரம் பேர் வந்து சேர, பெய்லியிடம் 3,800 பேரளவில் இருந்தார்கள். ஒன்பதாம் திகதி இரவு நடந்தவர் நடுவழியில் தங்கினார். விடியச் சுற்றி வளைக்கப்பட்டார்.

இதை அடுக்க எங்களிடம் இருந்தது விடுதியின் சாப்பாட்டு மேசை, ரெஜிபோம் துண்டுகள், பழைய பச்சைத் துணி, மட்டையில் வெட்டிய ஆட்கள். ஒரு பொம்மைக்கு 50 பேர் என்று வைத்தோம். பெய்லிக்கு 76 பொம்மை போதும். ஆனால் அந்த ஆண்டு ஹைதர் கர்நாடகத்துக்குள் கொண்டுவந்த படை எண்பதாயிரத்துக்கு மேல் என்று சொல்லப்படுகிறது. அதே கணக்கில் 1,600 பொம்மை! மேசை காணாது. அதனால் குதிரைப்படையை நீட்டு மட்டைப் பட்டிகளாக வைத்தோம். மேசையின் மூன்று பக்கமும் பட்டிகள் நிறைந்தபோதுதான் "சுற்றி வளைக்கப்பட்டார்" என்ற சொல்லின் அர்த்தமே எங்களுக்கு விளங்கிச்சு.

இரும்புக் குழாயில் மருந்தடைத்து மூங்கிலில் கட்டிய மைசூர் ரொக்கெட்டுகளுக்குத் தனி விதி வேண்டும். எங்கே விழும் என்று விட்டவருக்கே சரியாகத் தெரியாது, தாயக்கட்டை தீர்மானிக்கட்டும். பெய்லியின் மருந்து வண்டிகள் வெடித்தது இன்னொரு விதி. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தச் சண்டையின் பெரிய ஓவியம் இருக்கிறது: சதுரமாக நிற்கும் செஞ்சட்டைகள், பல்லக்கில் பெய்லி, வெடிக்கும் வண்டி. வென்றவர்கள் வரைவித்த படத்தைத் தோற்றவர்களின் குறிப்புகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் நாங்கள் அடுக்கினோம்.

மேசையின் பெரிய பொய், எல்லாரும் எல்லாத்தையும் மேலிருந்து பார்ப்பது. பெய்லிக்கு அந்த வசதி இருக்கவில்லை. அதனால் மன்றோவாக ஆடுபவரைப் பக்கத்து அறையில் இருத்தினோம். துண்டுக் கடதாசியில் செய்தி போகும். சில போய்ச் சேராது. உண்மையில் மன்றோ கடைசிவரை போய்ச் சேரவில்லை. பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். பெய்லி 1782இல் சிறையில் இறந்தார்.

பெய்லியின் 76 பொம்மைகளில் பெரும்பாலானவை சிப்பாய்கள். தமிழ், தெலுங்கு நாட்டு ஆட்கள். அதிகாரிகளின் பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன, இவர்களுடைய பெயர்களைத் தேடிக் களைத்ததுதான் மிச்சம்.

ஒரு தோழி கேட்டாள்: "எங்கட ஊரில இவ்வளவு நடந்த பிறகும் உங்களுக்குச் சண்டை விளையாட்டா?" நியாயமான கேள்வி. அதற்குப் பிறகுதான் மேசையில் ஊர்களை வைத்தோம். ஹைதரின் குதிரைப்படை கொம்பனிக்கு உணவு கிடைக்கக்கூடாது என்று சென்னையைச் சுற்றி ஊர் ஊராக எரித்தது. 1782இல் சென்னையில் பஞ்சம். பட்டினி கிடந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம்தான் பிறகு மணியக்காரர் சத்திரம் ஆனது. கஞ்சி என்றால் எங்களுக்கு எந்த மாதம் ஞாபகம் வரும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதே ஆண்டு, அதே பெரும் போரின் பகுதியாக, திருகோணமலைக் கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும் அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் எட்டு மாதத்துக்குள் இரண்டு தரம் கைமாறியது. புள்ளலூர் அவ்வளவு தூரத்து ஊர் இல்லை.

ஆகவே ஒரு விதியைச் சேர்த்தோம். எரிந்த ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கறுப்புப் பொத்தான் வைக்கவேண்டும். கடைசிக் கணக்கில் அதையும் எண்ணவேண்டும். இதுவரை மூன்று தரம் ஆடிவிட்டோம். இரண்டு தரம் ஹைதர் வென்றார், ஒரு தரம் மன்றோ நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பொத்தான்களின் எண்ணிக்கை மூன்று தரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.