தோற்பதற்கும் ஒரு பருவம் வேண்டும்: இந்திய மகளிர் கூடைப்பந்து, 2011–2021

2021ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் ஜோர்தான் தலைநகர் அமானில் மகளிர் ஆசியக் கோப்பைக் கூடைப்பந்துத் தொடர் நடந்தது. இந்திய அணி அதில் நான்கு ஆட்டங்கள் ஆடியது, நான்கிலும் தோற்றது. ஜப்பானிடம் 46–136, தென்கொரியாவிடம் 69–107. நியூசிலாந்திடமும் பெருந்தோல்வி. ஏழாம் இடத்துக்கான கடைசி ஆட்டத்தில் பிலிப்பைன்சிடம் 70–74. முதல் ஆட்டத்தில் 90 புள்ளி இடைவெளி, கடைசி ஆட்டத்தில் நான்கே புள்ளி. அந்த நான்கு புள்ளிகளால் இந்தியா ஆசியாவின் மேல்நிலையான 'ஏ' பிரிவிலிருந்து 'பி' பிரிவுக்கு இறங்கியது.

இச்செய்தி தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில் பெரிதாக இடம்பெறவில்லை. இடம்பெற்ற இடங்களிலும் 136 என்ற எண்ணே தலைப்பாயிற்று. நான்கு புள்ளித் தோல்வி பேசப்படவில்லை. ஆனால் வரலாற்று நோக்கில் விளக்கம் கோருவது இரண்டாவதுதான். ஒலிம்பிக்கில் வெள்ளி வென்று எட்டு வாரமும் ஆகாத ஜப்பானிடம் இந்தியா பெருந்தோல்வி கண்டதில் வியப்பில்லை. தனக்கு நிகரான அணியோடு ஆடி, எட்டிப்பிடிக்கும் தொலைவில் வந்து, கடைசி நிமிடங்களில் ஓர் அணி ஏன் தவறவிடுகிறது என்பதே வினா. 2019இல் பெங்களூரில் நடந்த இதே தொடரிலும் இந்தியா நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. அங்கும் கடைசி ஆட்டம் பிலிப்பைன்சோடுதான், முடிவு 78–92. இரண்டு தொடர்கள், எட்டு ஆட்டங்கள், எட்டுத் தோல்விகள்.

இதை 'தோல்விப் பருவம்' என்று அழைக்கலாமா? அச்சொல்லுக்குத் தொழில்முறை விளையாட்டில் ஒரு திட்டமான பொருள் உண்டு. அதற்குச் சரியான எடுத்துக்காட்டு, அமெரிக்க மகளிர் தேசியக் கூடைப்பந்துக் கழகத்தின் துல்சா ஷாக் அணி 2011இல் ஆடிய பருவம். 34 ஆட்டங்களில் 3 வெற்றி, 31 தோல்வி. அவற்றுள் 20 தோல்விகள் இடைவிடாமல் வந்தவை. டெட்ராய்டில் மூன்று முறை பட்டம் வென்ற அணி, 2010இல் ஓக்லகோமா மாநிலத்தின் துல்சாவுக்கு இடம்பெயர்க்கப்பட்டபோது முன்னணி வீராங்கனையர் பலர் உடன்வரவில்லை. ஆடவர் கல்லூரிக் கூடைப்பந்தில் புகழ்பெற்ற பயிற்சியாளர் நோலன் ரிச்சர்ட்சன் 2011 பருவத்தின் நடுவிலேயே விலகினார். மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற ஷெரில் சுவூப்ஸ் தமது 40ஆம் வயதில் அவ்வணியில் ஆடிக்கொண்டிருந்தார். லாஸ் ஏஞ்சலிசுக்கு எதிராக இறுதி நொடிகளில் அவர் எறிந்த பந்துதான் அந்த 20 தோல்விச் சங்கிலியை அறுத்தது.

அதன்பின் நடந்ததே இங்குக் கருதத்தக்கது. துல்சா கலைக்கப்படவில்லை, கீழ்ப்பிரிவுக்கும் இறக்கப்படவில்லை. அக்கழகத்தின் விதிப்படி, தோற்ற அணிகளுக்கே அடுத்த ஆண்டின் புதிய வீராங்கனையரைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை. 2012இல் குளோரி ஜான்சன், 2013இல் ஸ்கைலர் டிகின்ஸ், 2014இல் ஒடிசி சிம்ஸ் என ஆண்டுக்கொருவர் வந்து சேர்ந்தனர். 2015இல் 18 வெற்றிகளுடன் அணி இறுதிச்சுற்றுகளுக்குத் தகுதிபெற்றது. (தகுதிபெற்றதும் உரிமையாளர்கள் அதை டல்லாஸ் பகுதிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தோல்வியைப் பொறுத்துக்கொண்ட துல்சா மக்களுக்கு வெற்றி வாய்க்கவில்லை. தொழில்முறை விளையாட்டின் அறம் அவ்வளவுதான்.) 1998இல் 30 ஆட்டங்களில் 27 தோற்ற வாஷிங்டன் மிஸ்டிக்ஸ் 2019இல் பட்டம் வென்றது. 2022இல் 5 வெற்றி, 31 தோல்வி என முடித்த இண்டியானா ஃபீவர், அடுத்தடுத்த ஆண்டுகளில் அலியா பாஸ்டனையும் கெய்ட்லின் கிளார்க்கையும் பெற்று 2024இல் 20–20 என்ற கணக்குக்கு ஏறியது.

தோற்றவர்க்கு ஒதுங்கி நிற்க ஓரிடம் இருந்தால் தோல்வி முடிவாகிவிடுவதில்லை. சந்திரகிரிக் கோட்டையின் ராஜ மகாலைப் பார்க்க வருவோர் பலர் அதை விசயநகரத்தின் பெருமைக்காலச் சின்னமாகவே எண்ணிச் செல்கின்றனர். ஆனால் சந்திரகிரி தலைநகராகச் சிறந்தது தோல்விக்குப் பின்னரே. 1565இல் தலைக்கோட்டையில் தோற்ற அரசு பெனுகொண்டாவுக்குப் பெயர்ந்தது. பின்னர் இரண்டாம் வேங்கடபதிராயர் காலத்தில் சந்திரகிரிக்கு வந்தது. தோற்ற பின்னும் அரசவை கூடியது, வரி வந்தது, சாசனங்கள் வெட்டப்பட்டன. அரசமரபு மேலும் பல பத்தாண்டுகள் நீடித்தது. துல்சாவுக்கு 2012 என்ற அடுத்த பருவம் அப்படியோர் ஒதுங்கிடம். இந்திய மகளிர் அணிக்கு அது வாய்த்ததா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

துல்சா தோற்றுக்கொண்டிருந்த அதே 2011இல், பருவம் தொடங்குவதற்குச் சற்று முன், கேரளத்தைச் சேர்ந்த கீது அன்னா ஜோஸ் அமெரிக்கா சென்றார். ஆறடி இரண்டு அங்குல உயரம். சென்னையில் தெற்கு இரயில்வே ஊழியர். இந்திய அணியின் தூண். 2006 மெல்பர்ன் காமன்வெல்த் விளையாட்டில் அவர் ஆட்டத்தைக் கண்ட பின் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 2011இல் சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், சான் அந்தோனியோ ஆகிய மூன்று அணிகள் அவரைச் சோதித்துப் பார்த்தன. ஒப்பந்தம் எதுவும் கிடைக்கவில்லை. இந்தியாவின் தலைசிறந்த வீராங்கனை அக்கழகத்தின் வாசல்வரை சென்று திரும்பினார் என்று மட்டும் இதைப் படிக்கக்கூடாது. சோதனைக் களத்தில் அவரோடு நின்றவர்கள் கல்லூரியில் நான்காண்டுகள், ஆண்டுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிப் பழகியவர்கள். கீது ஊர் திரும்பினால் அவருக்காகக் காத்திருந்தது தேசியப் போட்டி, கூட்டமைப்புக் கோப்பை, சில அழைப்புத் தொடர்கள். ஒவ்வொன்றும் ஒரு வாரம் அல்லது பத்து நாள்.

இந்திய மகளிர் கூடைப்பந்தின் பொருளியல் அடித்தளம் இரயில்வே. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, மாதச் சம்பளம், பதக்கத்துக்கேற்ற பதவி உயர்வு, ஓய்வூதியம். சிற்றூர்ப் பெண்ணொருத்தி பந்தைக் கையிலெடுக்க வீட்டார் இசைவதற்கு இந்த வேலையே காரணம் என்பதை மறுக்க முடியாது. மற்ற மாநிலங்களில் வளர்ந்த வீராங்கனையரும் ஈற்றில் இரயில்வேக்கே சென்றதால் தேசியப் போட்டிகளில் இரயில்வே மகளிர் அணி பல பத்தாண்டுகளாக ஆதிக்கம் செலுத்தியது. இதனால் இன்னொரு விளைவும் நேர்ந்தது: நாட்டின் சிறந்த பன்னிருவரும் ஒரே அணியில் இருந்தால் அவர்களை எதிர்த்து ஆட யார் மிஞ்சுவர்? நெருக்கமான ஆட்டம் என்பதே அரிதாயிற்று. அமானில் அந்த நான்கு புள்ளிகளை இழந்தவர்களுக்குக் கடைசி இரண்டு நிமிடங்களைச் சமாளிக்கும் பழக்கம் எங்கே கிடைத்திருக்கும்?

நிறுவன வேலைதான் குறை என்று முடிவுகட்டுவதும் தவறு. ஜப்பானின் மகளிர் லீக்கில் ஆடுபவையும் பெரும்பாலும் நிறுவன அணிகளே. பல ஆண்டுகள் தொடர்ந்து கோலோச்சிய ஏனியோஸ் ஓர் எண்ணெய் நிறுவனத்தின் அணி. தென்கொரிய லீக்கில் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனமும் அணிகளை நடத்துகின்றன. வேறுபாடு ஒன்றே: அங்கே நிறுவனங்கள் பல; அவை குளிர்காலம் முழுவதும் ஒன்றோடொன்று மோதுகின்றன. இங்கே நிறுவனம் பெரும்பாலும் ஒன்று.

2013ஆம் ஆண்டு பாங்காக் தொடரை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். அத்தொடரில் கசகஸ்தானை வீழ்த்தி இந்தியா ஐந்தாமிடம் பெற்றது. இந்திய மகளிரின் மிகச் சிறந்த ஆசிய இடங்களுள் அதுவும் ஒன்று. அதே தொடரில் ஜப்பான் 43 ஆண்டுகளுக்குப் பின் பட்டம் வென்றது. அங்கிருந்து இரு நாடுகளின் பாதைகளும் பிரிந்தன. ஜப்பான் 2015, 2017, 2019, 2021 எனத் தொடர்ந்து மேலும் நான்கு பட்டங்களை அடுக்கியது. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவோடு மோதியது. இந்தியா 2015இல் வூஹானில் மேல்நிலையை இழந்தது. அவ்வாண்டில் இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பே இரண்டாகப் பிளந்து, இரு தரப்பும் தாமே உண்மையான கூட்டமைப்பு என்று வாதிட்டுக்கொண்டிருந்தன. வீராங்கனையர் எந்த முகாமுக்குச் செல்வது என்பதே வழக்காகியிருந்த காலம் அது.

2010இல் கூட்டமைப்பு ஐஎம்ஜி-ரிலையன்ஸ் நிறுவனத்தோடு 30 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டபோது தொழில்முறை லீக் வரும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. அது வரவில்லை. 2015இல் வேறொரு தனியார் முயற்சியாக யுபிஏ லீக் தொடங்கிச் சில பருவங்கள் நடந்து நின்றது. அது ஆடவர்க்கு மட்டுமே.

இத்தகைய சூழலில் 2017 ஜூலையில் பெங்களூர் கண்டீரவ உள்ளரங்கில் நடந்ததைச் சாதனை என்றே சொல்லவேண்டும். 'பி' பிரிவு இறுதி ஆட்டத்தில் இந்தியா கசகஸ்தானை 75–73 என வென்றது. செர்பியப் பயிற்சியாளர் ஸோரன் விசிச் பொறுப்பிலிருந்த அணி. ஷிரீன் லிமாயே, ஜீனா ஸ்கரியா ஆகியோரோடு, மகப்பேற்றுக்குப் பின் களம் திரும்பிய சென்னையின் அனிதா பால்துரையும் அதில் ஆடினார். பத்தொன்பது வயதிலேயே இந்திய அணிக்குத் தலைமையேற்றவர் அனிதா. ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் நாட்டுக்காக ஆடியவர். இரண்டே புள்ளிகளில் கிடைத்த அந்த வெற்றி, நெருங்கிய ஆட்டங்களை முடிக்கத் தெரிந்த மூத்தோர் அணியில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று. அத்தொடரோடு அவருடைய இந்திய அணி வாழ்க்கை நிறைவுற்றது.

மேலேறிய இடமோ முன்பு விட்டுவந்த இடமாக இல்லை. 2017 முதல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஆசியக் கோப்பையில் சேர்க்கப்பட்டன. 2013இல் ஐந்தாமிடம் பெற்ற ஆற்றலை அப்படியே காத்திருந்தாலும் 2019இல் இந்தியா ஏழாமிடத்துக்கே தகுதியுடையதாக இருந்திருக்கும். எட்டு அணிகளில் ஏழாமிடத்துக்கும் எட்டாமிடத்துக்கும் இடையே இருப்பது ஒரே ஓர் ஆட்டம். இந்தியா சரிந்துவிட்டது என்று எழுதியவர்கள் இக்கணக்கைப் பார்த்ததாகத் தெரியவில்லை. அணி கீழே போனதில் பாதி, தரை மேலே வந்ததால் நிகழ்ந்தது.

மீதிப் பாதி உள்நாட்டில் நிகழ்ந்தது. 2019 டிசம்பரில் லூதியானாவில் 70ஆவது தேசியப் போட்டி நடந்தது. அதன்பின் பெருந்தொற்று. 71ஆவது தேசியப் போட்டி 2022 ஏப்ரலில் சென்னையில்தான் நடந்தது. ஆக, அமானுக்குச் சென்ற அணி, அதற்கு முந்தைய 21 மாதங்களில் முதுநிலைத் தேசியப் போட்டி ஒன்றையும் காணாமல் சென்ற அணி. பெருந்தொற்றிலும் அமெரிக்க மகளிர் கழகம் 2020இல் வீராங்கனையரை ஃபுளோரிடாவின் ஒரே வளாகத்தில் தங்கவைத்து, அணிக்கு 22 ஆட்டங்கள் கொண்ட பருவத்தை நடத்தி முடித்தது. ஜப்பானிலும் கொரியாவிலும் லீக்குகள் இடர்ப்பட்டாலும் பின்னர் தொடர்ந்தன. நம் வீராங்கனையர் வீட்டு மாடியிலும் பூட்டிய மைதானங்களின் வெளியிலும் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த காலத்தில் எதிராளிகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். 90 புள்ளி இடைவெளியில் கணிசமான பகுதி அந்த மாதங்களுக்கு உரியது.

துல்சா தன் 31 தோல்விகளையும் ஒரே கோடைக்குள் கண்டது. ஒரு தோல்விக்கும் மறு தோல்விக்கும் இடையே மூன்று நாள். அதற்குள் பிழையைக் கண்டு திருத்த வாய்ப்பு. ஆசியக் கோப்பையில் இந்திய அணி கண்ட எட்டுத் தோல்விகளுக்குக் குறுக்கே இரண்டு ஆண்டு கிடந்தது. 2019இல் பிலிப்பைன்சிடம் 14 புள்ளியில் தோற்ற அணி 2021இல் 4 புள்ளியில் தோற்றதை முன்னேற்றம் என்று கொள்வதா, தேக்கம் என்று கொள்வதா என்பதைச் சொல்ல இடையில் வேறு ஆட்டங்கள் போதிய அளவில் இல்லை. வரலாற்றாசிரியனுக்கும் பயிற்சியாளனுக்கும் ஒரே இடர்ப்பாடு: சான்று போதவில்லை.

2021 ஜனவரியில் அனிதா பால்துரைக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கூடைப்பந்துக்காக இவ்விருது பெற்ற தமிழ்ப்பெண் என்று சென்னை கொண்டாடியது, நியாயமான கொண்டாட்டம். அவர் விட்டுச்சென்ற அணி அமானில் தோற்றதும் அதே ஆண்டில்தான். பிலிப்பைன்ஸ் ஆட்டம் முடிந்ததும் அணியினர் நாடு திரும்பினர். இரயில்வேயில் இருந்தவர்கள் தத்தம் அலுவலகங்களுக்குச் சென்றனர். அவர்களில் பலர் மீண்டும் போட்டி ஆட்டமாடியது சென்னை நேரு உள்ளரங்கில், மறு ஆண்டு ஏப்ரல் மாதத்தில்.