களம் கண்ட நடிகர்கள்

போருக்குப் போய்வந்து போர்ப் படத்தில் நடித்த நடிகர் என்ற இனம் மறைந்துவிட்டது. ஒவ்வொருவராகப் போனதால் தனித்தனியாக அஞ்சலி எழுதி முடித்துவிட்டோம். போனது ஓர் இனம் என்பது பிறகுதான் உறைக்கிறது.

2009-ல் காலமான ரிச்சர்ட் டாட், 'தி லாங்கஸ்ட் டே' (1962) படத்தில் பெகாசஸ் பாலத்தைப் பிடிக்கும் மேஜர் ஜான் ஹோவர்டாக வருவார். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் பாராசூட்டில் குதித்து, நிஜ ஹோவர்டுக்குத் துணையாக அதே பாலத்துக்குப் போன பட்டாளத்தில் டாடும் இருந்தார்.

லீ மார்வின் அதே மாதம் சைப்பான் தீவில் குண்டடிபட்ட மரைன் வீரர். 'தி பிக் ரெட் ஒன்' (1980) என்பது அமெரிக்க முதலாம் காலாட்படைப் பிரிவின் பட்டப்பெயர்; படத்தை இயக்கிய சாமுவேல் ஃபுல்லர் அந்தப் பிரிவிலேயே போரிட்டவர். அதில் சார்ஜண்டாக வரும் மார்வினுக்கு வயது 50-ஐத் தாண்டியிருந்தது. வேடத்துக்கு அதிகம்தான், ஆனால் பார்க்கும்போது கேட்கத் தோன்றாது. கடைசிப் பகுதியில், நாஜி வதைமுகாமில் மீட்ட ஒரு பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறார். பையன் தோளிலேயே செத்துப்போகிறான். மார்வின் கதறவில்லை, முகத்தைச் சுருக்கவில்லை. இறக்கி வைக்காமல் நடந்துகொண்டே இருக்கிறார். எதைச் செய்யாமல் விடுவது என்று தெரிந்த நடிப்பு அது. அந்த இனத்தில் எனக்குப் பிடித்தது இந்தச் சிக்கனம்தான்.

'தி கிரேட் எஸ்கேப்' (1963) படப்பிடிப்பில் டொனால்ட் பிளசன்ஸ் கைதி முகாமைப் பற்றி யோசனை சொல்லப்போக, 'உங்கள் வேலையைப் பாருங்கள்' என்கிற தோரணையில் இயக்குநர் ஜான் ஸ்டர்ஜஸ் மடக்கிவிட்டாராம். பிளசன்ஸ் குண்டுவீச்சு விமானத்தில் போய், சுட்டு வீழ்த்தப்பட்டு, ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தவர் என்று அப்புறம்தான் யாரோ சொன்னார்களாம்.

அனுபவம் இருந்தால் நடிப்பு தானே வந்துவிடும் என்று சொல்லமாட்டேன். அலெக் கின்னஸ் சிசிலிப் படையெடுப்பில் தரையிறங்கு கலம் ஓட்டிய கடற்படை அதிகாரி. ஆனாலும் இலங்கையில் எடுத்த 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' (1957) படத்தில், தகரக் கொட்டடியிலிருந்து வெளியே வரும் அந்தத் தள்ளாட்ட நடைக்கு அவர் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது, இளம்பிள்ளை வாதம் கண்டு தேறிக்கொண்டிருந்த தன் மகனின் நடையை. பீட்டர் பட்டர்வொர்த் கதை இன்னும் விசேஷம். ஜெர்மன் முகாமில், அடியில் சுரங்கம் தோண்டுவது தெரியாமலிருக்க மரக்குதிரையைத் தாண்டிக் குதித்துக் காவலர்களை ஏமாற்றியவர்களில் அவரும் ஒருவர். அதைப் படமாக்கியபோது வாய்ப்புக் கேட்டுப் போனவரை, 'வீரனாக நம்பும்படி இல்லை' என்று திருப்பி அனுப்பினார்கள் என்பார்கள்.

இப்போது இருப்பது பயிற்சி முகாம். வியட்நாமில் போரிட்ட டேல் டை, 'பிளட்டூன்' (1986) நடிகர்களைக் காட்டில் போட்டு வாட்டினார். 'சேவிங் பிரைவேட் ரயன்' (1998) படத்துக்கும் அவரே. அப்போது மாட் டேமனை மட்டும் முகாமுக்கு அனுப்பாமல் விட்டார்கள், மற்றவர்களுக்கு அவர்மேல் எரிச்சல் வரட்டும் என்று. வந்தது, திரையிலும் தெரிகிறது. கெட்டிக்கார ஏற்பாடுதான். மார்வினின் கம்பெனியில் பெரும்பாலோர் சைப்பானில் அடிபட்டோ செத்தோ போனார்கள். அவருக்கு இந்த மாதிரி ஏற்பாடெல்லாம் தேவைப்படவில்லை.