பழைய மடையை அடைக்கும் முன்

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் இருக்கிறது பரவை. அச்சொல்லுக்குக் கடல் என்றும் பொருள் உண்டு; ஊரில் இருப்பதென்னவோ கண்மாய்தான். அங்கே வசிக்கும் நண்பரின் வீட்டுப் பரணிலிருந்து சென்ற ஆண்டு ஒரு பழைய கணினியைக் கீழே இறக்கினோம். காலமான அவருடைய தந்தையார் இருபதாண்டுகளுக்கு முன் திஸ்கி முறையில் தட்டச்சு செய்த கட்டுரைகள் அதன் வன்தட்டில் இருந்தன. வேறெங்கும் படி இல்லை. அகன்ற நாடா வடத்தால் இணைக்கப்பட்ட ஐடிஇ வகை வன்தட்டு அது. கணினியில் இருந்த இயங்குதளம் எழ மறுத்தது. புதிய லினக்ஸ் ஒன்றைக் குறுவட்டிலிருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார் நண்பர். எங்களுக்குத் தயக்கம். பழைய ஐடிஇ டிரைவர்களை லினக்ஸ் 2021லேயே நீக்கிவிட்டது என்று படித்திருந்தோம்.

ஆனால் வட்டு திறந்தது. ஏன் திறந்தது என்று தேடிப் போனபோது கிடைத்த வரலாற்றையே இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

லினக்ஸின் பிறப்பே வன்தட்டோடு பிணைந்தது. 1991 ஆகஸ்டில் தம் முயற்சியை உலகுக்கு அறிவித்த லினஸ் டோர்வால்ட்ஸ், ஏடி வகை வன்தட்டுகளைத் தவிர வேறெதையும் இது ஒருபோதும் ஆதரிக்காது போலும், தம்மிடம் இருப்பது அது ஒன்றுதான் என்று எழுதினார். அவர் கையிலிருந்த ஒற்றைத் தட்டுக்காக எழுதப்பட்ட நிரல், பத்தாண்டுகளில் உலகிலுள்ள எண்ணற்ற கட்டுப்பாட்டுச் சில்லுகளுக்கும் அவற்றின் பிழைகளுக்கும் இடங்கொடுத்து வீங்கியது. ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு விதிவிலக்கு. ஒவ்வொரு விதிவிலக்குக்கும் ஒரு காரணம். காரணம் அறிந்தவர் விலகியபின் விதிவிலக்கு மட்டும் எஞ்சியது.

2002இல் மார்ட்டின் டலெக்கி என்பவர் இதைச் சீராக்க முனைந்தார். வளர்ச்சி நிலையிலிருந்த 2.5 வரிசையில், எண்ணிட்ட திருத்தங்களாக, நூறைத் தாண்டி அனுப்பினார். நோக்கம் நல்லதுதான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியிலேயே அச்சை மாற்றும் வேலை அது. திரையில் ஒரு கோடு பிசகினால் கண்ணுக்குத் தெரியும். வட்டில் எழுதுவது பிசகினால் பல நாள் கழித்துத்தான் தெரியவரும், அப்போது கோப்பு போயிருக்கும். எதிர்ப்பு வலுத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் விலகினார். அவரது மாற்றங்கள் அனைத்தும் கைவிடப்பட்டு, 2.4 வரிசையின் பழைய நிரலே மீண்டும் கொண்டுவரப்பட்டது.

வெற்றி பெற்ற வழி வேறு. ஜெஃப் கார்ஜிக் 2003 வாக்கில், அப்போது புதிதாக வந்த சாட்டா வன்தட்டுகளுக்காக லிப்ஆட்டா என்ற தனி நிரலகத்தைத் தொடங்கினார். பழையதை அவர் தொடவில்லை. ஆலன் காக்ஸ், பழைய நாடா வடத் தட்டுகளுக்கான டிரைவர்களையும் அந்தப் புதிய அடித்தளத்தின் மேல் ஒவ்வொன்றாக எழுதினார். 2006 இறுதியில் வந்த 2.6.19 பதிப்பில் அவை சேர்ந்தன. அதன்பின் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் இரண்டும் அருகருகே இருந்தன.

இந்த மாற்றம் வலியில்லாமல் நடக்கவில்லை. எச்டிஏ என்று அழைக்கப்பட்ட வட்டு ஒருநாள் எஸ்டிஏ ஆனது. பழைய பெயரை அமைப்புக் கோப்புகளில் எழுதி வைத்திருந்தவர்களின் கணினிகள் பாதியில் நின்றன. பழைய முறையில் ஒரு வட்டை 63 பகுதிகளாகப் பிரிக்க முடிந்தது. புதியதில் அப்போது 15 மட்டுமே.

இரண்டையும் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். கெர்னலில் எந்த வரியும் சும்மா இருப்பதில்லை. 2019இல் வெளிவந்த 5.0 பதிப்பில் வட்டுகளுக்கு வேலை பங்கிடும் பழைய முறை முற்றாக நீக்கப்பட்டபோது, அநேகமாக யாருமே பயன்படுத்தாத ஐடிஇ டிரைவரையும் புதிய முறைக்கு மாற்றியாக வேண்டியிருந்தது. சோதித்துப் பார்க்க ஆளில்லாத நிரலைத் திருத்துவது இருட்டில் தையல் போடுவதற்கு ஒப்பு.

கிறிஸ்டோஃப் ஹெல்விக் இதை முடித்து வைத்தார். முதலில் எச்சரிக்கை: பழைய டிரைவர் இயங்கும் கணினியில், 2021இல் இது நீக்கப்படும், விடுபட்ட வன்பொருள் இருந்தால் தெரிவியுங்கள் என்ற செய்தி தோன்றியது. எம்68கே வகைப் பழங்கணினிகளை இன்னும் போற்றி வைத்திருக்கும் ஆர்வலர்களின் தேவைகளும் கேட்டறியப்பட்டன. 2021 ஆகஸ்டில் வெளியான 5.14 பதிப்பில் பழைய ஐடிஇ நிரல் நாற்பதாயிரம் வரிகளுக்கு மேல் அகற்றப்பட்டது. எங்கள் பரவைத் தட்டு திறந்ததன் காரணம் இதுதான்: நீங்கியது டிரைவர், தட்டுக்கான ஆதரவு லிப்ஆட்டாவில் அப்படியே இருந்தது. அதைவிடப் பழமையான நெகிழ்வட்டு டிரைவர் இந்த நீக்கத்துக்குப் பின்னும் கெர்னலில் தொடர்ந்தது. அதற்கு மாற்று எழுதப்படவில்லை என்பதை நினைத்தால், வயது இங்கே அளவுகோல் இல்லை என்பது புரியும்.

கண்மாய்ப் பாசனம் அறிந்த ஊர்க்காரருக்கு இதில் புதுமை இல்லை. பழைய மடையை அடைப்பதற்கு முன் புதிய மடை கடைசி வயல்வரை பாய்கிறதா என்று நடந்து பார்த்துவிட்டு வருவார்கள். கடைமடைக்காரனின் சம்மதம் வேண்டும்.

தமிழிலும் இது நடந்திருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், திஸ்கியில் சேர்த்த நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கும் கொண்டுவந்தது. அதனால் அந்நூல்கள் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. தனியாரின் வட்டுகளில் தங்கிவிட்டவற்றுக்கு அந்தப் பேறு இல்லை.

நண்பரின் தந்தையார் எழுதியவை திரையில் முதலில் புரியாத குறிகளாகத்தான் விரிந்தன. வட்டைத் திறப்பது பாதி வேலை. எழுத்தைத் திறப்பது மறுபாதி. இப்போது ஒவ்வொன்றாக ஒருங்குறிக்கு மாற்றி, வரிவரியாக ஒப்பிட்டு வருகிறோம். கடைசிக் கட்டுரை சரிபார்க்கப்படும்வரை அந்தக் கணினி மீண்டும் பரணுக்கு ஏறாது. வாசக நண்பர்களும் தத்தம் பரண்களை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.