இரும்பு விலைக்குப் போன கப்பல்

2006ஆம் ஆண்டு மார்கழிக் கடைசியில் முல்லைத்தீவுக் கடலில் ஒரு சரக்குக் கப்பல் இயந்திரம் பழுதாகிக் கரைதட்டியது. பெயர் ஃபரா 3. ஜோர்தான் நாட்டுக் கப்பல். இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு 14,000 தொன் அரிசி ஏற்றிப் போய்க்கொண்டிருந்தது. கப்பலில் இருந்த 25 பேரும் கரைக்குக் கொண்டுவரப்பட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டார்கள். மாரிக் கடலில் தத்தளித்தவர்களை மீட்டோம் என்றார்கள் புலிகள். பலவந்தமாக இறக்கிவிட்டுக் கப்பலை உரிந்துவிட்டார்கள் என்றது கப்பல் தரப்பு. அந்த ஆவணியில்தான் வன்னிக்குச் சரக்கு வரும் ஏ9 வீதி மூடப்பட்டிருந்தது. அரிசி எவ்வளவு பெரிய பொருள் என்பதை அந்த மாதங்களில் வன்னியில் யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. வெறும் ஓடாகிப்போன கப்பல் முள்ளிவாய்க்கால் கரையிலேயே தங்கிவிட்டது. 2009இல் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய மணல் துண்டில், தறப்பாள் கொட்டில்களுக்குள்ளும் பதுங்குகுழிகளுக்குள்ளும் சனம் நெருங்கிக் கிடந்தபோது, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுபோலவே தெரிந்த அந்த வெட்டையில் இடம் சொல்ல உதவியது அந்தக் கப்பல்தான். ‘கப்பலடி’ என்றால் எல்லோருக்கும் விளங்கியது. போர் முடிந்த மே 18க்குப் பிறகு தெற்கிலிருந்து பேருந்துகளில் வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். பிறகு அதை வெட்டிப் பழைய இரும்பாக ஏற்றினார்கள். இப்போது கப்பலடியில் கப்பல் இல்லை.

கடலடியிலிருந்து மீட்ட பொக்கிசங்கள் என்றதும் நம் மனம் முள்ளிவாய்க்காலுக்குப் போவதில்லை. அது போகும் இடம் கிரிந்தைக்கு வெளியே, சிங்களத்தில் மகா இராவணன் கோட்டை என்று பெயர்கொண்ட பாறைத் தொடர். ஆங்கிலேயர் அதை கிரேட் பாசஸ் என்று எழுதினார்கள். 1961 மார்ச்சில் அங்கே படம்பிடிக்கச் சுழியோடிய மைக் வில்சனும் அவருடன் போன இரண்டு இளைஞர்களும் வெள்ளி நாணயக் கட்டிகளைக் கண்டார்கள். எல்லாம் ஔரங்கசீப் காலத்து ரூபாய்கள், சூரத்து அக்கசாலையில் ஹிஜிரி 1113இல், அதாவது 1702ஐ ஒட்டி, அடித்தவை. வில்சனின் கூட்டாளியான ஆர்தர் சி. கிளார்க் 1964இல் அதை ஒரு முழு நூலாக எழுதினார். அந்தக் கப்பலின் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது. பெயர் தெரியாத கப்பலுக்கு நூல் இருக்கிறது. பெயர், கொடி, சரக்கு, ஆட்கணக்கு எல்லாம் தெரிந்த கப்பலுக்கு முறையான ஓர் அளவுப்படமாவது இருக்கவேண்டாமா? வெள்ளிக்கும் இரும்புக்கும் உள்ள விலை வித்தியாசந்தான் இதற்குக் காரணம் என்று விட்டுவிட முடியாது. கடலடிப் பொருளின் மதிப்பை நாம் அளக்கும் கோலே பிழை என்பது என் வாதம்.

வெள்ளியையே எடுத்துக்கொள்வோம். அந்த ரூபாய்களில் ஒன்று மட்டும் நகைக்கடை மேசைக்கு வந்திருந்தால் அது சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அரசன், ஊர், ஆண்டு. ஆனால் கண்டெடுத்தபோது அவை தனித்தனியாகக் கிடக்கவில்லை. ஏறக்குறைய ஆயிரம் நாணயங்கள் ஒரு கட்டியாக, சாக்குப்பை எந்த வடிவில் இருந்ததோ அதே வடிவில், முருகைக்கல் மேலே படர்ந்து இறுகிக் கிடந்தன. பை உக்கிப்போய்விட்டது, பையின் வடிவம் மிஞ்சியது. எல்லாம் ஒரே அக்கசாலை, ஒரே ஆண்டு. கைமாறிப் புழங்கிய பணம் இப்படிச் சேராது. அடித்த சூட்டோடு பையில் கட்டி ஏற்றிய பணம் இது என்று அந்த வடிவந்தான் சொல்கிறது. கப்பல் மூழ்கிய காலமும் அதிலிருந்தே தெரிகிறது. ஆக, வரலாறு பேசியது வெள்ளி அல்ல, அது கிடந்த விதம். கொடவாயவில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். அம்பாந்தோட்டைப் பக்கம் 30 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் சங்கு குளிக்கப் போனவர்கள் 2003இல் கண்ட கப்பல் அது. அதிலிருந்து வெளியே வந்தது அம்மிபோன்ற, கால்வைத்துச் செதுக்கிய ஒரு கல். மேலே நந்திபாதமும் ஸ்ரீவத்ஸமும் மீனும் கீறியிருந்தது. பக்கத்தில் கண்ணாடிக் கட்டிகளும் மண்கலங்களும் கிடந்தன. எடைக்குப் போட்டால் பழைய கடையில் ஐந்து சதமும் தேறாது. ஆனால் இந்துமாக்கடலில் இதுவரை தெரிந்த கப்பற்சிதைவுகளில் மிகப் பழையது அதுதான்; ஏறத்தாழ 2,000 ஆண்டுகள். அந்தக் கல்லைக் கரைக்குக் கொண்டுவந்து வீட்டு முற்றத்தில் போட்டிருந்தால் அது வெறும் அம்மி.

கரைதட்டிய கப்பலில் யாருக்கு என்ன பங்கு என்ற கேள்வி நம் கரைக்குப் புதிதல்ல. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டில் வெட்டுவித்தது. சிங்கள அரசன் ஒருவன் வடகரைத் துறைக்குச் சட்டம் எழுதும்போது தமிழில் எழுதியிருக்கிறான். எந்த மொழியில் வணிகம் நடந்ததோ அந்த மொழியில் என்று எடுத்துக்கொள்ளலாம். ஊறாத்துறைக்கு, இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகளைப் பாதுகாப்பது பற்றிச் சொல்லிவிட்டு, கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்று கல்வெட்டு தெளிவாகக் கணக்குப் போடுகிறது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் கெட்டால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிய கப்பல் கெட்டால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. யானை, குதிரை என்றால் ஏன் சலுகை? அவை படைக்கு வேண்டியவை. கொண்டுவருகிறவனைப் பயமுறுத்தினால் அடுத்த கப்பல் வராது. இதையே தெலுங்குக் கரையில் மோட்டுப்பள்ளியில் காகதீய அரசன் கணபதி 1244ஐ ஒட்டி இன்னும் வெளிப்படையாகச் சொன்னான்: முந்திய அரசர்கள் புயலில் ஒதுங்கி உடைந்த கப்பல்களின் பொருளை முழுக்க வாரிக்கொண்டார்கள், நான் விதித்த சுங்கத்தை மட்டும் எடுப்பேன் என்று. இரண்டு கல்லையும் சேர்த்துப் படித்தால் அக்காலத்து நடைமுறை விளங்கிவிடுகிறது. கடல் தள்ளியது கரைக்காரனுக்கு என்பது பழைய வழக்கம். அதைக் கட்டுக்குள் கொண்டுவரவே கல்லில் எழுதினார்கள். ஃபரா 3ஐ நயினாதீவுக் கல்லின்படி பங்கிட்டிருந்தால் 7,000 தொன் கப்பல்காரனுக்குப் போயிருக்கும். கல்லைப் படிக்கும்போது உறுத்துவது ஒன்றுண்டு: அதில் பங்காளிகள் இரண்டே பேர், அரசும் உடையவனும். கப்பல் எந்தக் கரையில் உடைந்ததோ அந்தக் கரைக்குப் பங்கு இல்லை. அரிசியில் பங்கு கேட்டு நான் எழுதவில்லை. நினைவில் கேட்கிறேன். எண்ணூறு ஆண்டு கழிந்தும் அந்த இடத்தில் பெரிய மாற்றம் வந்துவிடவில்லை.

மாற்றம் வந்த இடம் ஒன்று உண்டு, அது திருக்கோணமலை. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தபோது தூண்களும் கற்களும் மலையடிக் கடலுக்குள் போயின. 1950களின் நடுவில் அந்தப் பாறையடியில் சுழியோடிய கிளார்க்கும் வில்சனும் செதுக்கிய கற்களைக் கண்டார்கள். கடலடியிலிருந்து மேலேறிய லிங்கம் இன்று கோயிலில் இருக்கிறது, நூதனசாலைக்குப் போகவில்லை. உடையவன் யார் என்று அங்கே யாரும் வழக்காடவில்லை. கரையே உடையவனாக நின்றது.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, ஃபரா 3 வரலாறே அல்ல, நேற்றைய சங்கதி என்பது. யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கை நீரடி மரபுச் சொத்து என்று சொல்வதற்கு நூறு ஆண்டுகளாவது தண்ணீரில் கிடந்திருக்க வேண்டும் என்கிறது. சரி. ஆனால் அதே உடன்படிக்கை நீரிலுள்ள மனித எச்சங்களுக்கு உரிய மரியாதை தரவேண்டும் என்றும் சொல்கிறது. போரில் மூழ்கிய தன் படைக்கலங்களைக் காக்கப் பிரித்தானியா 1986இல் சட்டம் போட்டபோது நூறாண்டு காத்திருக்கவில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு வெளியே தாழ்த்திய ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலை யாரும் பழைய இரும்புக் குவியல் என்று பேசுவதில்லை. முந்நூறுக்கும் மேற்பட்டோர் அதோடு போனார்கள். வயதை வைத்து மட்டும் எல்லை போட்டால், நூறு வயது ஆகுமுன்னரே துருப்பிடித்தும் வெட்டுப்பட்டும் போகிறவை ஒருநாளும் வரலாறாக மாட்டா. உப்பு நீரில் கிடந்த இரும்பைக் கரையேற்றினால் உள்ளே ஊறிய குளோரைட்டு காற்றுப் பட்டதும் வேலையைத் தொடங்கும். கார நீர்த் தொட்டியில் மாதக்கணக்காக, சில பொருட்களை ஆண்டுக்கணக்காக, ஊறவைத்து உப்பை இறக்காவிட்டால் ஓடு ஓடாகக் கழன்று விழும். நூறாண்டு பொறு என்பது இரும்பைப் பொறுத்தவரை அழியவிடு என்பதற்கு மறுபெயர்.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. எல்லாவற்றையும் இழந்து மீள்குடியேறிய சனத்துக்குப் பழைய இரும்பு பொறுக்குவது ஒரு பிழைப்பாக இருந்தது. வயிற்றுக்கு முன்னால் நூதனசாலையா? இதை நான் மறுக்கமாட்டேன். பொறுக்கியவர் மேல் குற்றமும் சொல்லமாட்டேன். முழுக் கப்பலையும் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பதும் என் கட்சி அல்ல. வெட்டுமுன் அளந்திருக்கலாம், படம் எடுத்திருக்கலாம், உடலில் பட்ட ஓட்டைகளை எண்ணியிருக்கலாம். அதற்கு ஒரு கிழமையும் ஒரு நாடாவும் போதும். பொருள் போனாலும் பதிவு நிற்கும் என்பதற்குக் காலி சாட்சி. 1659இல் அங்கே துறைமுகத்தில் தாழ்ந்த ஒல்லாந்தக் கம்பனியின் அவொன்ஸ்ரர் கப்பலை 2001 முதல் சுழியோடிகள் அங்குலம் அங்குலமாக அளந்து கீறி அகழ்ந்தார்கள். 2004 மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை அவர்களுடைய நிலையத்தை அள்ளியது. மூன்றரை நூற்றாண்டு கழித்துக் கரையேறியவற்றில் பல மறுபடியும் கடலுக்குப் போயின. சில மட்டும் திரும்பக் கிடைத்தன. ஆனால் 2007இல் அகழ்வறிக்கை நூலாக வந்தது. அவொன்ஸ்ரரைப் பற்றி இன்று ஒரு மாணவர் எழுத நினைத்தால் எழுதலாம். அதே பேரலை முல்லைத்தீவையும் துடைத்துப்போட்டது. இங்கே அள்ளுண்டது என்னென்ன என்பதற்கு அப்படி ஒரு நூல் இல்லை.

மூன்றாவதாக, காயத்தைக் கிளறாதே என்பார்கள். காட்சிக்கு வைப்பதையும் ஆவணப்படுத்துவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வரும் வாதம் இது. காட்சி ஏற்கெனவே நடந்துவிட்டது; புதுக்குடியிருப்பில் பிடிபட்ட கடற்புலிப் படகுகளை வரிசையாக நிறுத்திப் படையினர் காட்டியபோது அது வென்றவனின் காட்சி. ஆவணம் அப்படியல்ல, யார் பக்கமும் சாயாமல் எது எங்கே கிடந்தது என்று மட்டும் சொல்லும். வன்னியில் மண்ணைத் தோண்டுவது நிற்கவுமில்லை. புலிகளின் தங்கம் என்று சொல்லி நீதிமன்ற அனுமதியோடு எத்தனை இடங்களில் பெக்கோ இறக்கினார்கள்; பெரும்பாலும் வெறுங்குழிதான் மிஞ்சியது. தங்கத்தைத் தேடாத இடத்தில்தான் மண் பேசியது. 2023இல் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது எலும்புகள் வெளிவந்தன. அடுத்த ஆண்டு ஆடிக்குள் 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. தொல்லியல் பேராசிரியர் ஒருவர் முன்னின்று, மண்ணைப் படை படையாக விலக்கி, எலும்போடு கிடந்த உடையையும் இலக்கத் தகட்டையும் இருந்த இடத்திலேயே வைத்துக் குறித்தார்கள். கொடவாயக் கல்லுக்குப் பயன்பட்ட அதே முறை. முப்பது ஆண்டுகூட ஆகாத புதைவுக்கும் அது பொருந்துகிறது என்றால், நேற்றையது வரலாறில்லை என்ற முதல் வாதத்துக்கும் இங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது.

இலங்கையின் நீரடி ஆய்வு பெரிதும் காலியைச் சுற்றியே வளர்ந்தது. வடகிழக்குக் கடலில் கப்பல் தாழாததால் அல்ல. முப்பது ஆண்டு அந்தக் கடலில் வலை போடவே அனுமதி கேட்க வேண்டியிருந்தது. ஆய்வாளர் எப்படிச் சுழியோடுவார்? இப்போது கடல் திறந்திருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிப்பு இருக்கிறது. கொடவாயவைக் கண்டது பேராசிரியர் அல்ல, சங்கு குளித்தவர்கள் என்பதை மறக்கக்கூடாது. முள்ளிவாய்க்கால் கரையில் கரைவலை இழுக்கிறவருக்கு எந்தப் பாரில் வலை மாட்டும், எந்த இடத்தில் இரும்பு தட்டும் என்பது தெரியும். அந்த அறிவை இதுவரை யாரும் எழுத்தில் வாங்கவில்லை என்றால் அது கடலின் குறை அல்ல. ஆகவே கரையோரத்தில் இருக்கும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். வலையில் ஏறுவது வெடிபொருள்போல இருந்தால் கையே வைக்காதீர்கள், உடனே அறிவியுங்கள். மற்றது எதுவானாலும், ஓட்டுத்துண்டோ, ஆணியோ, ஒரு சோடிச் செருப்போ, இடத்தைவிட்டு அசைக்குமுன் நாளும் இடமும் எத்தனை பாகம் ஆழம் என்பதும் கூடக் கிடந்தது என்ன என்பதும் பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பியில் குறித்துவையுங்கள்.