செஸ் இன்ஜினுக்கு ஞாபகசக்தி வந்த கதை

சிப்பாயை முதலில் தள்ளிவிட்டுக் குதிரையை எடுத்தாலும், குதிரையை எடுத்துவிட்டுச் சிப்பாயைத் தள்ளினாலும் பலகை கடைசியில் ஒன்றுதான். ஆடுபவருக்கு அது பார்த்ததும் தெரியும். பழைய கம்ப்யூட்டர் இரண்டையும் வேறுவேறாக நினைத்து முதலிலிருந்து கணக்குப் போட்டது.

அந்த வீண் உழைப்புக்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் எம்ஐடியின் ரிச்சர்ட் கிரீன்பிளாட். 1966-67-ல் அவர் உருவாக்கிய மேக் ஹேக் என்ற செஸ் புரோகிராம், ஆராய்ந்த நிலைகளை ஒரு அட்டவணையில் போட்டு வைத்தது. அதே நிலை மறுபடி வந்தால் விடை தயார். ஆனால் நிலையை நொடியில் அடையாளம் காண்பது எப்படி? 1970-ல் ஆல்பர்ட் சோப்ரிஸ்ட் சொன்ன வழி இன்றும் என்னை வியக்க வைக்கிறது. 12 வகைக் காய், 64 கட்டம்: மொத்தம் 768 தற்செயல் எண்கள். பலகையில் உள்ள காய்களின் எண்களை எக்ஸ்ஓஆர் (XOR) என்ற பிட் கணக்கால் இணைத்தால் அந்த நிலைக்கு ஒரு முகவரி கிடைக்கும். குதிரை நகர்ந்தால் பழைய கட்டத்தின் எண்ணை நீக்கி, புதியதைச் சேர்த்தால் போதும். முழுப் பலகையையும் திரும்ப எண்ண வேண்டாம்.

அட்டவணை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்தான் குழப்பமே. செஸ் பழகும் பிள்ளை ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜினைத் திறந்தால், அட்டவணையின் அளவைச் சொல்லும் ஹாஷ் 16 எம்பி என்றுதான் இருக்கும். அதில் சுமார் 15 லட்சம் நிலைகள் அடங்கும். நொடிக்குப் பல லட்சம் நிலைகளைப் பார்க்கும் இன்ஜினுக்கு அது சில நொடிகளிலேயே நிரம்பிவிடும். பிறகு பழையது அழிந்து புதியது ஏறும். அழிந்ததை மறுபடி தேட வேண்டியிருக்கும்.

அதற்காக ஒரேயடியாக ஏற்றவும் கூடாது. அட்டவணை பெருகப் பெருக, பிராசசரின் கேஷில் அடங்காமல் ஒவ்வொரு தேடலுக்கும் ரேம் வரை போய்வர வேண்டும். நொடிக்குப் பார்க்கும் நிலைகள் கொஞ்சம் குறையும். ஆனாலும் நீண்ட ஆய்வில் அதே ஆழத்தைச் சீக்கிரம் எட்டிவிடும், அதுதான் லாபம். ரேமையும் தாண்டி டிஸ்க்குக்குப் போனால் மட்டும் எல்லாம் நொண்டும். 8 ஜிபி லேப்டாப்பில் 1 ஜிபி வைப்பதே என் சிபாரிசு.

சந்தேகமிருந்தால் ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய ஒரு முடிவாட்டத்தைக் கொடுத்துப் பாருங்கள். ஹாஷை 16, 256, 1024 எம்பி என்று மாற்றி, ஒவ்வொரு முறையும் அதைத் துடைத்துவிட்டு, ஒரே ஆழத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று குறியுங்கள். நொடிக்கு இத்தனை நிலைகள் என்று திரையில் ஓடும் கணக்கை நம்ப வேண்டாம்.