மின்தேக்கிக் கொள்ளைநோயும் நேரு பிளேஸும்

1999 முதல் 2007 வரையிலான ஆண்டுகளில் உலகெங்கும் எண்ணற்ற கணினிகள் ஏறத்தாழ ஒரே வகையில் செயலிழந்தன. மதர்போர்டில் பிராசசருக்கு அருகே வரிசையாக நிற்கும் சிறிய அலுமினிய உருளைகளின் தலை உப்பியது. சிலவற்றில் பழுப்பு நிறக் கசிவு வெளிப்பட்டது. இவ்வுருளைகளை இந்திப் பாடநூல் ‘சந்தாரித்ர’ என்கிறது. தமிழ்ப் பாடநூல் ‘மின்தேக்கி’ என்கிறது. கடைத்தெருவில் இவ்விரு சொற்களுக்கும் இடமில்லை. அங்கே ஒன்று ‘கெப்பாசிட்டர்’, அல்லது மூத்த தொழிலாளர் வாயில் ‘கண்டென்சர்’. பின்னது 1782இல் வோல்டா வழங்கிய பெயரின் வழிவந்தது. ஆங்கிலப் பாடநூல்கள் அதைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகியும் நம் கடைவீதிகள் கைவிடவில்லை.

‘மின்தேக்கிக் கொள்ளைநோய்’ என்று பின்னர் பெயர்பெற்ற இந்நிகழ்வைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரு களவுக் கதையையே சொல்கின்றனர். ஜப்பானிய நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய அறிவியலாளர் சீன நிறுவனத்துக்கு மாறினார். அவரோடு பணிபுரிந்தோர் மின்பகுளியின் செய்முறைக் குறிப்பைத் தைவானுக்குக் கொண்டுசென்றனர். அக்குறிப்பு முழுமையாக இல்லை என்பது 2002, 2003ஆம் ஆண்டுகளில் தொழில்துறை இதழ்களில் வெளிவந்த செய்தி. வேதியியல் விளக்கம் தெளிவானது. நீர் மிகுந்த மின்பகுளியில் அலுமினியம் அரிபடாமல் காக்கும் சேர்மானங்கள் விடுபட்டால் ஹைட்ரஜன் வாயு பெருகும், உருளை உப்பும்.

எனினும் அக்கதை முழு வரலாற்றையும் தாங்காது. 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் நிறுவனம் விற்ற ஆப்டிபிளெக்ஸ் கணினிகள் பெருமளவில் பழுதாயின. அதற்காக அந்நிறுவனம் 2005இல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. அவற்றில் பழுதானவை ஜப்பானின் நிச்சிகான் நிறுவனத்துத் தயாரிப்புகள். களவாடப்பட்ட குறிப்பை இங்கே காரணமாகக் காட்ட இயலாது. உற்பத்திக் குறை, நெருக்கமான பெட்டிக்குள் தேங்கும் வெப்பம், பல ஆம்பியர் மின்னோட்டத்தைக் கோரிய புதிய பிராசசர்கள் என்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன.

காரணம் பல என்பதை நடைமுறையில் அறிந்தவர்கள் பழுதுநீக்குவோரே. தில்லி வளர்ச்சி ஆணையம் உருவாக்கிய வணிக வளாகமான நேரு பிளேஸ், 1990களில் நாட்டின் பெரிய கணினிச் சந்தைகளுள் ஒன்றாகியிருந்தது. ரவி சுந்தரம் 2009இல் வெளியிட்ட ‘பைரேட் மாடர்னிட்டி’ நூல் இத்தகைய சந்தைகளின் வழியாகத் தில்லியின் நவீனத்தை வாசிக்கிறது. அங்கே விற்பனையானவற்றுள் பெரும்பகுதி உதிரிகளைக் கொண்டு பூட்டப்பட்ட கணினிகள். போர்டு பழுதானால் அதே சாக்கெட் உள்ள வேறொரு போர்டு எளிதில் கிடைக்காது. புதிய போர்டு வாங்கினால் பிராசசரும் மெமரியும் சேர்த்து மாற்றவேண்டும். ஆகவே, செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லஜ்பத் ராய் மார்க்கெட்டில் வாங்கியோ, இறந்த போர்டுகளிலிருந்து கழற்றியோ, கண்டென்சரை மாற்றுவதே சிக்கனமான வழியாக இருந்தது. வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்தால் இவ்வுருளையின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியல் கணக்கு. தில்லிக் கோடையில் அக்கணக்கு நன்றாகவே மெய்ப்பட்டது.

ஆனால் உப்பியதை எடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைத்த பின்னும் போர்டு உயிர்பெறாமல் போவதுண்டு. உண்மையான அறிவு அங்கிருந்தே தொடங்குகிறது. உருளையின் பட்டை எதிர்முனையைக் குறிக்கும். போர்டில் நிழலிட்ட அரைவட்டம் பெரும்பாலும் எதிர்முனை, சில நிறுவனங்களின் போர்டுகளிலோ நேர்முனை. மைக்ரோஃபாரடும் வோல்ட்டும் பொருந்தினால் போதாது; ஈஎஸ்ஆர் எனப்படும் உள்தடையும் குறைவாக இருக்கவேண்டும். 12 வோல்ட்டை ஒன்றரை வோல்ட் அளவுக்கு இறக்கும் பகுதியில் சாதாரண வகையைப் பொருத்தினால் அது விரைவில் சூடேறி மீண்டும் உப்பும். போர்டு பல செம்பு அடுக்குகளால் ஆனது. தரை அடுக்கு வெப்பத்தை உறிஞ்சிவிடும். ஈயம் முழுதும் உருகுமுன் காலை இழுத்தால் துளையின் உட்பூச்சு கிழிந்து, மேலே இணைந்தும் உள்ளே அறுந்தும் நிற்கும். பழைய உருளைகள் கெட்டபோதே மாஸ்ஃபெட் ஒன்றும் ஷார்ட் ஆகியிருக்கலாம். பவர் சப்ளைக்குள்ளும் அதே காலத்து உருளைகள் உப்பியிருக்கலாம்.

இத்தேடலுக்குக் கடைவீதி தனக்கென ஒரு வகைப்பாட்டை அமைத்துக்கொண்டது. ‘டெட்’ என்றால் மின்சாரமே ஏறவில்லை. ‘நோ டிஸ்ப்ளே’ என்றால் விசிறி சுழல்கிறது, படம் வரவில்லை. முதலாவதற்கு மல்டிமீட்டரோடு பவர் சப்ளையிலிருந்து தொடங்குவர். இரண்டாவதற்கு பிராசசர், ஒரே மெமரி தவிர அனைத்தையும் கழற்றிவிட்டு, போஸ்ட் கார்டு காட்டும் இரண்டு இலக்கக் குறியை வாசிப்பர். மொழியியல் பயின்றவன் என்ற முறையில் இதை வெறும் கொச்சை வழக்காக என்னால் கருத இயலவில்லை. நோய்க்குறியைக் கொண்டு காரணத்தைப் பிரிக்கும் கலைச்சொற்கள் இவை. உற்பத்தியாளர்கள் சுற்றுப்படத்தை வெளியிடாத நிலையில், நூறு போர்டுகளைத் திறந்து பார்த்த கைகள் உருவாக்கிய சொற்கள்.

இவ்வறிவுக்கு ஏட்டில் இடமில்லை. அது தோற்ற போர்டுகள் சீலம்பூர் போன்ற வடகிழக்குத் தில்லிப் பகுதிகளுக்குச் சென்று, அமிலத்திலும் நெருப்பிலும் உலோகமாகப் பிரிக்கப்பட்டன. தில்லியின் டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு கணினிக் கழிவு குறித்து 2003இலேயே அறிக்கை வெளியிட்டது. மின்னணுக் கழிவு விதிகள் 2012இல்தான் நடைமுறைக்கு வந்தன. ‘பழுதுநீக்கும் உரிமை’ குறித்து நடுவண் அரசு குழு அமைத்தது 2022இல். அதாவது, அரசு உரிமையாகப் பேசத் தொடங்கியதை நேரு பிளேஸ் அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே தொழிலாகச் செய்துகொண்டிருந்தது. இன்றைய போர்டுகளில் உப்பாத திண்ம மின்தேக்கிகள் பெருகிவிட்டன. மெல்லிய மடிக்கணினிகளில் மெமரியே பற்றவைக்கப்பட்டு வருகிறது. அக்கைகளுக்கு வேலை குறைகிறது.

களவுக் கதை சுவையானது. ஆகவே அது நிலைத்துவிட்டது. உப்பிய ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுப் பழுது தீர்ந்தது என்று கருதுவது போன்றதுதான் ஒற்றைக் காரணத்தில் வரலாற்றை முடிப்பதும். இக்கொள்ளைநோயின் மறுபாதி தில்லி, சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு ஆகிய இடங்களின் பணிமேசைகளில் எழுதப்படாமல் கிடக்கிறது. அக்காலத்தில் இத்தொழிலில் இருந்தோர், அல்லது அவர்களை அறிந்தோர் இதைப் படித்தால், நீங்கள் வழங்கிய சொற்களையும் பின்பற்றிய வரிசைமுறையையும் கீழே எழுதுங்கள். பிழையான தமிழ், கலப்பு இந்தி, எதுவாயினும் சரி. அவற்றை இப்போது திரட்டாவிட்டால் பிறகு திரட்ட ஆள் இருக்கமாட்டார்கள்.