கல்லெழுத்தும் ஒளியெழுத்தும்: லின்னேயஸ் டிரைப்பின் தஞ்சைப் படங்கள்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் ஹுல்ட்ஷ் பதிப்பித்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியின் வழியாக 1891 முதல் அச்சில் வெளிவரலாயின. அதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் முன்னரே, 1858இல், அக்கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் எழுத்துகளை ஒருவர் ஒளிப்படமாக்கியிருந்தார். இருபத்தொரு படங்களை ஒட்டி இணைத்த அந்நெடும்படம் பத்தொன்பது அடிக்கும் மேற்பட்ட நீளமுடையது. இதனைக் கலைப்பொருளாகக் காண்பதா, மூலபாடச் சான்றாகக் கொள்வதா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

படமெடுத்தவர் லின்னேயஸ் டிரைப் (1822-1902). கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த இவர், விடுப்பில் இங்கிலாந்து சென்றபோது ஒளிப்படக்கலையைப் பயின்றார். 1854இல் ஹளேபீடு, பேளூர்க் கோயில்களையும், 1855இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் அந்நாட்டுக் கட்டடங்களையும் படமெடுத்தார். 1856இல் சென்னை அரசு இவரைத் தன் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தியது. திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய ஊர்களுக்குக் கருவிகளுடன் பயணம் செய்து இவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன.

தஞ்சை, திருவையாறு பற்றிய தொகுதிக்கு விளக்கக் குறிப்புகள் எழுதியவர் ஜி. யு. போப். 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட அதே போப்தான் இவர். தமிழ்நூல்களை வேற்றுமொழியார்க்கு எடுத்துரைத்த அறிஞர், அதற்கு முன்பே தமிழகக் கட்டடங்களின் படங்களை ஆங்கில வாசகர்க்கு விளக்கும் பணியையும் செய்திருக்கிறார் என்பது மொழிபெயர்ப்பு வரலாற்றில் குறிக்கத்தக்கதாகும்.

டிரைப் கையாண்டது மெழுகிட்ட தாளில் எதிர்ப்படி எடுக்கும் முறை. தாளை முன்கூட்டியே பக்குவப்படுத்தி உடன் கொண்டு செல்லலாம் என்பதால், நெடும்பயணத்திற்கு இது ஏற்றதாக இருந்தது. ஆயின் ஒளி பதிய நெடுநேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் அசையாது நின்றவையே படத்தில் நிலைத்தன. நடமாடிய மக்கள் பதியாமல் மறைந்தனர். இப்படங்களில் தெருக்களும் மண்டபங்களும் ஆளரவமற்றுத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். மேலும், அக்காலத்து வேதிப்பொருள்கள் நீலநிறத்தை மிகுதியாக ஏற்றமையால் வானம் வெறுமையாக வெளுத்தது. டிரைப் எதிர்ப்படியின் மீது வண்ணம் தீட்டி மேகங்களைத் தாமே வரைந்து சேர்த்தார். எனவே பார்த்ததைப் பார்த்தவாறே காட்டும் படங்கள் என இவற்றைக் கொள்ள இயலாது. மொழிபெயர்ப்பில் நேர்வது போன்றே இங்கும் விடுதலும் சேர்த்தலும் நிகழ்ந்துள்ளன.

கல்வெட்டுப் படத்தில் இச்சிக்கல் மேலும் நுண்மையானது. கல்வெட்டுத் தமிழில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் பொதுவாகக் காட்டப்படுவதில்லை. இந்நிலையில் தாளின் நார் விட்ட சிறு கறையைப் படிப்பவர் புள்ளியாகக் கொள்ள நேரலாம். வெயில் பக்கவாட்டில் விழும் இடத்து எழுத்து எடுப்பாகத் தெரியும்; நிழல் படிந்த இடத்து மங்கும். பின்னாளில் கல்வெட்டாய்வின் அடிப்படையாக அமைந்த மைப்படி இக்குறை இல்லாதது. ஆனால் மைப்படி எழுத்தை மட்டுமே தருகிறது; சுவரைத் தருவதில்லை. எழுத்து எந்த வரிசைக் கல்லில் தொடங்கி எந்த மூலையில் திரும்புகிறது, எவ்விடத்துக் கல் சிதைந்துள்ளது என்பவற்றை ஒருசேரக் காட்டுவது ஒளிப்படமே. ஆகவே ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

முதலாம் இராசராசன் தன் இருபத்தாறாம் ஆட்சியாண்டில், தானும் தன் தமக்கையும் மனைவியரும் பிறரும் அளித்த கொடைகளை விமானத்தின் கல்லிலேயே வெட்டுமாறு ஆணையிட்டதை அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது. எழுதப்படும் இடமும் ஆணையின் ஒரு பகுதியாக அமைந்த பாடம் இது. அதனை இடத்தோடு சேர்த்துப் பதிந்தமையே டிரைப் படத்தின் தனிச்சிறப்பு எனலாம்.

இத்தகைய பதிவின் மதிப்பு காலம் செல்லச் செல்ல மிகும். மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையின் பாழ்பட்ட நிலையை டிரைப் படமெடுத்தார். அதனைப் பழுதுபார்க்கும் பணி நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்த காலத்தில் (1866-1872) நிகழ்ந்தது. பழுதுபார்ப்பதற்கு முந்தைய வடிவத்தை அறிய இன்று இப்படங்கள் துணைசெய்கின்றன.

எனினும் இம்முயற்சி நீடிக்கவில்லை. 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், நிதி நெருக்கடிக் காலத்தில் இஃது ஆடம்பரச் செலவு எனக் கருதினார்; 1860இல் பணி முடிவுற்றது. அதன்பின் டிரைப் இத்தகைய பெருமுயற்சி எதிலும் ஈடுபடவில்லை. 2014-15இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களில் நடைபெற்ற கண்காட்சி அவரை உலகறிந்த கலைஞராக நிலைநாட்டியது.

கலையுலகம் இப்படங்களின் அழகை இனங்கண்டது. அவற்றுள் எழுதப்பட்டிருப்பதைப் படித்தறியும் பொறுப்பு தமிழறிந்தோரைச் சார்ந்தது. ஒளிப்படத்தைப் பாடவேறுபாடுகளுக்கு இடமுள்ள ஒரு படியாகவே கொண்டு, மைப்படியோடும் அச்சுப் பாடத்தோடும் ஒப்புநோக்கிப் பயன்படுத்துதல் வேண்டும். அவ்வாறு பயன்படுத்துங்கால், 1858இல் ஒளி எழுதிய அப்பத்தொன்பது அடியும் கல்வெட்டுத் தமிழின் சான்றுகளுள் ஒன்றாக இடம்பெறும்.